சுக்கானைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்

இதை எழுதும்போது, என் பாய்ப்படகின் சுக்கான் கீலைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகள் மேசை மேல் கிடக்கின்றன. கடையில் வாங்கியபோது 8 மில்லிமீட்டர் தடிமன் இருந்திருக்கும். தலையும் மரையும் இன்னும் பளபளக்கின்றன. நடுவில், பலகைக்குள் புதைந்திருந்த பகுதி மட்டும் எலி கொறித்த மெழுகுவத்தி மாதிரி இளைத்து முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தை வெர்னியர் வைத்து அளந்தேன்: 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த இரண்டையும் நம்பித்தான் காசிமேட்டிலிருந்து புதுச்சேரிக்கு மூன்று பேர் கடலில் புறப்பட்டோம். நாங்கள் புதுச்சேரி வரை வந்தோம். இவை மரக்காணம் வரைதான் வந்தன.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, சிலைகளுக்கு அச்சு, மீனவர்களின் படகுகளுக்கு ஒட்டு என எது வந்தாலும் செய்வோம். படகு ஒட்டுகிற கைக்கு ஒருநாள் படகு ஓட்டும் ஆசை வருவது இயல்புதான் என்று நான் சொல்கிறேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பாற்றில் சிறிய பாய்ப்படகு ஒன்றில் சில ஆண்டுகள் பழகியிருந்தேன். கடலில் ஓர் இரவைக் கழிக்கும் அளவுக்குப் பெரிய படகு வேண்டும் என்று தேடியபோதுதான், காசிமேட்டில் படகு கட்டும் தளம் ஒன்றின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த இந்தப் படகைப் பற்றித் தகவல் வந்தது. உரிமையாளர் வெளிநாடு போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்பனையை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார்.

22 அடி நீளம், 8 அடி அகலம். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். என்னை இழுத்தது அதன் ஏரா, அதாவது படகு சாயாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் பிடிக்கும் அடித்தகடு. அடியில் நிலையாகத் தொங்காமல், கம்பிக் கயிற்றால் தூக்கி இறக்கும் வகை. இறக்கினால் 1.3 மீட்டர் ஆழம் வேண்டும். தூக்கிவிட்டால் அரை மீட்டர் போதும். எங்கள் புதுச்சேரித் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் எப்போது எங்கே மேடு கட்டும் என்று தெரியாத ஊரில் இப்படிப்பட்ட படகுதான் பிழைக்கும்.

முதல் முறை போனபோது கருவி எதையும் எடுத்துப் போகவில்லை. மூக்கை மட்டும் கொண்டுபோனேன். நீண்ட நாள் மூடிக் கிடந்த படகின் கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சு நிறையச் சொல்லிவிடும். பூஞ்சை வாடை இருந்தால் மேலிருந்து மழைநீர் இறங்குகிறது. பெட்ரோல் வாடை இருந்தால் எங்கோ குழாய் வெடித்திருக்கிறது. இதில் பூஞ்சை வாடை லேசாக வந்தது. கதவை மூடி, பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தேன். அதே வாடை. சரி, படகின் மேல்தளத்தில் எங்கோ ஓட்டை என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை பையோடு போனேன். அதில் பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியல், நெற்றியில் கட்டும் விளக்கு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற காம்பு வைத்த கண்ணாடி, ஒரு பொட்டலம் பஞ்சு, சுண்ணக்கட்டி எல்லாம் இருந்தன. ஈரமானி வைத்திருக்கிறேன், எடுத்துப் போகவில்லை. உப்புப் படிந்த படகில் அது எங்கே வைத்தாலும் ஈரம் என்றுதான் சொல்லும்.

சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதற்கும் ஃபைபர் படகைத் தட்டிப் பார்ப்பதற்கும் வித்தியாசமில்லை. இழையும் ரெசினும் ஒன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கணீரென்று திரும்பி வரும், சுத்தியலும் கையில் துள்ளும். அடுக்குகள் பிரிந்திருந்தால் 'பொத்'தென்று அடங்கிவிடும், சுத்தியல் துள்ளாது. படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், அடங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது. படகு கட்டும் தளத்துத் தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "படகுக்குச் சளியா?" என்று கேட்டார்.

நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்கள் இருந்தன. எண்ணினேன், பதினொன்று. இதைப் பார்த்ததும் பலர் ஓடிவிடுவார்கள், ஓட வேண்டியதில்லை. மேலே பூசிய ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே போகும். ரெசின் சரியாக இறுகாமல் விட்டுப்போன சரக்கு அங்கே இருந்தால் அந்தத் தண்ணீரில் கரைந்து அமிலமாகும். அது இன்னும் தண்ணீரை இழுக்கும். அழுத்தம் ஏறி, மேல்தோல் புடைக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்தினேன். வடிந்த நீர் காடியைப் போல நாறியது. பதினொன்று என்பது சில்லறை வேலை. படகின் வயிறு முழுக்க வேர்க்குரு போல இருந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மேல்தளம் அப்படிச் சில்லறையாக இல்லை. பாய்மரத்தின் அடியைச் சுற்றி, இரண்டு தட்டு அகலத்துக்கு, மிதித்தால் சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கியது. இந்த வகைப் படகுகளின் மேல்தளத்தில் மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவே பால்சா மரக்கட்டை வைத்துக் கட்டுவார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் திருகு அடித்த துளையில் பூசிய பசை ஒருமுறை விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போய்ச் சேரும், வெளியே வர வழியிருக்காது. பூஞ்சை வாடைக்குக் காரணம் அதுதான். எனக்கு வருத்தம் வரவில்லை. பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது.

பின்பலகையைத் தட்டினேன். சுக்கானின் கீழ்க்கீல் பொருத்தியிருந்த இடத்தைச் சுற்றிச் சத்தம் அடங்கியது. இங்கேதான் என் அனுபவமே எனக்கு எதிராகப் போனது. கீல் பொருத்தும் இடத்தில் ஃபைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள், பலகை இருந்தால் சத்தம் மாறத்தான் செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மேல்கீலைச் சுற்றியும் பலகைதான்; அங்கே சத்தம் கணீரென்று இருந்ததே என்று யோசிக்கவில்லை. சுண்ணக்கட்டியால் வட்டம் போடாமல் அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பார்க்கும் முறையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பது துருப்பிடிக்காத இழைகளை முறுக்கிய கம்பி அது. இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுத்தால் அறுந்த முனையில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். கையால் தடவினால் சதை மாட்டும். வலப்பக்கக் கம்பியின் அடியில், குழாயில் அழுத்திப் பூட்டிய இடத்துக்கு அரை அங்குலம் மேலே, இரண்டு இழை அறுந்திருந்தது. ஒன்று அறுந்தால் மற்றவை சுமையை ஏற்கும், நாளைக்கு அவையும் அறுபடும். எல்லாக் கம்பிகளையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பாரிமுனையில் தேடினால் பாரந்தூக்கிக்கான வளையும் கம்பிக் கயிறு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. இழுத்தால் நீளாத இந்த வகையைத் தேட இரண்டு சனிக்கிழமைகள் போயின.

பெரிய பாய் பல சலவை கண்ட வேட்டி மாதிரித் துவண்டிருந்தது. துணியைவிட முதலில் தையல் நூலைத்தான் பார்க்க வேண்டும். வெயில் நூலைத் தின்றுவிடும். நகத்தால் சுரண்டினேன், நூல் பொடியாக உதிர்ந்தது. துணி இன்னும் இரண்டு பருவம் தாங்கும். புதுச்சேரியில் தார்ப்பாயும் பந்தலும் தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலில் எல்லா மூட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக மறுபடி தைத்து வாங்கினேன். அவர் கூலி கேட்பதற்கு முன் கேட்டது: "இது எந்தக் கல்யாண மண்டபத்துக்கு?"

எஞ்சின் 6 குதிரைத்திறன் அவுட்போர்டு. ஒரு பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓட்டினோம். குளிர்விக்கும் நீர் பின்னால் கோடாகப் பீய்ச்சியது. அது நின்றால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய எண்ணெயைக் கொட்டினோம், பிளக் மாற்றினோம்.

காகித விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன்: முந்தைய விற்பனைப் பத்திரம், எஞ்சின் எண் பொருந்துகிறதா என்ற சரிபார்ப்பு, படகு கட்டும் தளத்துக்கு வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். கடைசிக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். படகு உங்களுடையதாகிவிடும், அதை வெளியே எடுக்க முடியாது.

4 லட்சத்து 25 ஆயிரம் கேட்டார்கள். மேல்தளத்தில் அமுங்கும் இடத்தில் அண்ணனையே நிற்க வைத்தேன். அவர் ஒருமுறை குனிந்து பார்த்தார், பிறகு தம்பிக்குத் தொலைபேசினார். 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு முடிந்தது.

அடுத்த மூன்று வாரக் கடைசிகளும் காசிமேட்டில் கழிந்தன. பாய்மர அடியில் மேல்தோலை அறுத்து எடுத்து, உள்ளே ஊறிப்போன பால்சாவைச் சுரண்டினேன். ஊறிய சாம்பிராணி அட்டை மாதிரி வந்தது. பாய்மரம் நேரே அழுத்தும் இடம் என்பதால் புதிய பால்சாவுக்குப் பதில் ஃபைபரையே அடுக்கடுக்காக ஏற்றிக் கட்டினேன். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலியஸ்டர் ரெசினுக்குப் போடும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. கொப்புளங்களை மட்டும் சுரண்டிக் காயவிட்டு எபாக்சி ரெசினில் அடைத்தேன். பழைய பாலியஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. இதை மாற்றிச் செய்துவிட்டு ஆறு மாதத்தில் ஒட்டு உரிந்து பட்டறைக்கு வந்த படகுகளைக் கணக்கு வைத்தால் தனிப் பதிவு எழுதலாம்.

புறப்பாட்டுக்கு ஆள் வேண்டுமே. என் மைத்துனர் வருவதாகச் சொன்னார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கே புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொருவர், பட்டறையில் வேலை செய்யும் பையனின் தந்தை. வீராம்பட்டினம், அறுபதைத் தாண்டியவர். கட்டுமரத்தில் பாய் கட்டித் தொழிலுக்குப் போன கடைசித் தலைமுறை. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கொண்டுவந்த சாமான்கள்: ஒரு தூக்குவாளி, ஒரு போர்வை, எட்டு அடி நீளத்தில் ஒரு துடுப்பு. துடுப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சின் இருக்கிறது, பாய் இருக்கிறது, இதை எங்கே வைப்பது? மறுக்க மனமில்லாமல் மேல்தளத்தின் ஓரத்தில் கட்டி வைத்தேன்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் அவர் முதலில் போனது பின்பக்கம். சுக்கானின் அடியைக் காலால் பக்கவாட்டில் தள்ளினார். 'டொக்'. இழுத்தார். 'டொக்'.

"தம்பி, இது ஆடுகிறதே. பார்த்தாயா?"

"பார்த்தேன் மாமா. கீல் தேய்ந்திருக்கும். ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பைக் கட்டிய முடிச்சை அவிழ்த்து, கைக்கு எட்டும் இடத்தில் மறுபடி கட்டினார்.

நாளைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்: தைப்பூசம் கழித்து இரண்டாம் நாள். இரவு எட்டு மணிக்குள் நிலா வந்துவிடும். தை மாதத்தில் வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே, வடகிழக்கிலிருந்து காற்று வரும். நாங்கள் போவது தென்மேற்குப் பக்கம் சற்றே சாய்ந்த தெற்கு, காற்று முதுகில். அதே பயணத்தை ஆனியில் செய்தால் சோழகத்தை முகத்தில் வாங்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பார்த்தோம். அலை ஒன்றேகால் மீட்டர், காற்று 10 முதல் 14 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). தூரம் சுமார் 75 கடல் மைல், அதாவது 140 கிலோமீட்டர். நான்கரை நாட் வேகத்தில் போனால் 17 மணி நேரம். முகத்துவாரத்தை வெளிச்சத்திலும் கடல்நீர் ஏற்றத்திலும்தான் கடக்க வேண்டும் என்பதால் காலையில் போய்ச் சேரும்படி கணக்கிட்டு, பகல் ஒரு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம். கடலோரக் காவல் படையின் 1554-உம் கடலோரக் காவல் நிலையத்தின் 1093-உம் மூன்று கைப்பேசிகளிலும் இருந்தன. கையடக்க வி.எச்.எஃப். கருவியை 16-ஆம் அலைவரிசையில் வைத்திருந்தேன்.

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைச் சுற்றிக்கொண்டு வெளியேறவே இரண்டு மணி நேரம். பக்கத்தில் போனால் அவை கட்டடங்கள். நம் படகு காற்றில் பறந்து வந்த காகிதம். பிறகு பாய் நிரம்பியது. எஞ்சினை அணைத்ததும் வந்த அமைதியில் மைத்துனர் முதல் வாந்தியை எடுத்தார்.

கோவளத்துக்கு நேரே வரும்போது சூரியன் மறைந்தது. மாமா பெரிய பாயின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். அவர் அதைத் தாமான் என்றார். நான் புத்தகத்தில் படித்த ஆங்கிலப் பெயரை அதன்பின் பயன்படுத்தவில்லை. கட்டுமரத்தில் பாயை ஒரு கையாலும் துடுப்பை ஒரு கையாலும் பிடிப்பார்களாம். "இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கப்பி, ஒரு பூட்டு வைத்திருக்கிறான். கைக்கு வேலையே இல்லை" என்றார். பாராட்டா குறையா என்று தெரியவில்லை. காற்று முதுகில் இருக்கும்போது பாயின் அடிக்கட்டை திடீரென்று மறுபக்கம் வீசினால் மண்டை போய்விடும். அதை ஒரு கயிற்றால் முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தேன். அந்த முடிச்சை மட்டும் அவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் கடந்தது. கல்பாக்கத்தின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அணுமின் நிலையம் என்பதால் நன்றாகத் தள்ளியே போனோம். நிலா ஏறியிருந்தது. பங்குனி ஆமை ஒன்று படகோரம் தலை நீட்டி மூச்சு விட்டுவிட்டு அமிழ்ந்தது. முட்டையிடும் பருவம் அது.

பாலாற்று முகத்துவாரத்துக்கு நேரே, இரவு பத்தே கால் மணிக்கு, படகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல நின்றது. பாய் நிரம்பியிருக்கிறது, நகரவில்லை. வலை. மிதவை விளக்கு இருநூறு அடி தள்ளி மினுக்கிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் கரை விளக்கு என்று நினைத்துவிட்டோம். வலையின் மேல்கயிறு ஏராவைத் தாண்டிப் போய்ச் சுக்கானில் மாட்டியிருந்தது. நான் கத்தியை எடுத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்காதே. காலையில் ஒருவன் வந்து இழுப்பான்."

பாயை இறக்கினோம். ஏராவைத் தூக்கினோம். அவர் குப்புறப் படுத்துக்கொண்டு, கொக்கிக் கம்பால் கயிற்றை அடியில் அழுத்திப் பிடித்தார். நான் படகை அலையோடு முன்னும் பின்னும் அசைய விட்டேன். ஒவ்வோர் அலைக்கும் சுக்கான் 'டொக் டொக்' என்று முறையிட்டது. இருபது நிமிடம் கழித்துக் கயிறு நழுவியது. வலைக்கு ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. போல்ட்டுகளுக்கு என்ன ஆனது என்பது அப்போது தெரியாது.

தெரிந்தது இரண்டு மணிக்கு. ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் இருட்டாகக் கடந்துபோய், மரக்காணத்தின் விளக்குகள் வலப்பக்கம் வந்திருந்தன. ஒரு பெரிய அலை பின்னாலிருந்து தூக்கியது. சுக்கான் பிடியில் எப்போதும் இருக்கும் எதிர்ப்பு ஒரு கணத்தில் இல்லாமல் போனது. கதவைத் தள்ளப் போகும்போது யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டது போல. விளக்கை அடித்தேன். கீழ்க்கீல் பின்பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுக்கானோடு தொங்கியது. மேல்கீல் ஒன்றில் சுக்கான் முழுவதும் ஊஞ்சலாடிப் படகின் முதுகை அடித்துக்கொண்டிருந்தது. படகு பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது.

அடுத்த ஐந்து நிமிடத்தை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. பெரிய பாயை இறக்கியது நான். அது மட்டும் நிச்சயம். பெரிய பாய் பின்னால் தள்ளும், படகைக் காற்றை நோக்கித் திருப்பும். முன்பாய் மட்டும் இருந்தால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பது போல முன்னாலிருந்து இழுக்கும், படகு காற்றோடு நேராக ஓட விரும்பும். அந்தப் பாடம் சுண்ணாம்பாற்றில் படித்தது. மாமா தன் தலைப்பாகைத் துண்டைக் கிழித்துச் சுக்கானைத் தூக்கிக் கட்டினார். பிறகு துடுப்பை அவிழ்த்தார். பின்பலகையின் இடது மூலையில் கயிற்று வளையம் ஒன்று போட்டு, அதில் துடுப்பை நுழைத்து, அலகைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு இரண்டு முறை முரண்டு பிடித்தது. மூன்றாவது அலைக்கு நேரானது.

எஞ்சினாலேயே திருப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவுட்போர்டைத் திருப்பினால் படகு திரும்பும்தான். ஆனால் பின்னாலிருந்து அலை தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றில் எழும்பி அலறியது. 20 லிட்டர் பெட்ரோல்தான் இருந்தது. அதை முகத்துவாரத்துக்குச் சேமித்தோம்.

வேகம் மூன்று நாட் ஆகக் குறைந்தது. நானும் அவரும் அரை மணிக்கு ஒருமுறை துடுப்பை மாற்றிக்கொண்டோம். என் முறையில் படகு பாம்பு போல் போனது. அவர் முறையில் கோடு கிழித்தது. காரணம் கேட்டேன். "நீ திரும்பிய பிறகு திருப்புகிறாய்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. விடியும் நேரத்தில் முதுகில் வரும் அலையை இருக்கையின் அடியில் உணர்ந்து, படகு திரும்பும் முன்பே துடுப்பை அழுத்தக் கொஞ்சம் பிடிபட்டது.

புதுச்சேரிக் கலங்கரை விளக்கத்தை மைத்துனர்தான் முதலில் பார்த்தார். பத்து மணி நேரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்: "அது நம் ஊரா?" எட்டு மணிக்குக் கடற்கரைச் சாலையின் வெள்ளைக் கட்டடங்கள் தெரிந்தன. பழைய துறைமுகப் பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்து, முகத்துவாரத்துக்கு வெளியே பாயைச் சுருட்டினோம்.

இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் முகத்துவாரத்தில் கட்டிய கல் தடுப்புகள் அந்த மணலைத் தெற்குப் பக்கம் தேக்குகின்றன. மிஞ்சியது வாயில் வந்து மேடு கட்டுகிறது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால்தான் ஊரின் கடற்கரை கல்லாகிப் போனது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா நிறுத்த மாட்டார். அன்று காலையில் அவர் வாய் திறக்கவில்லை. அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வழுக்கிப் போகிறது என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும் ஒரு விசைப்படகு எந்தக் கோட்டில் போகிறது என்று பார்த்தார். ஏராவை முழுக்கத் தூக்கச் சொன்னார். எஞ்சின் என் கையில். துடுப்பு அவர் கையில். மூன்று பெரிய அலைகளைக் கழித்து, "இப்போது" என்றார். அரை நிமிட வேலை. உள்ளே தண்ணீர் குளம் போல இருந்தது. தேங்காய்த்திட்டில் கட்டும்போது மணி எட்டு ஐம்பது.

மறுநாளே படகைக் கரையேற்றினோம். பின்பலகையின் உள்தோலை அறுத்தபோது உள்ளே இருந்த ஒட்டுப்பலகை கறுப்பாக, கையால் அள்ளும்படி வந்தது. கீலைப் பூட்டிய துளைகளில் குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைத் தடவியிருந்தார்கள். அது விட்டுப்போய் எத்தனை ஆண்டு ஆனதோ. துருப்பிடிக்காத எஃகு என்கிறோமே, அதன் மேல் இருக்கும் மெல்லிய காப்புத்தோல் பிழைத்திருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். உப்புத்தண்ணீரில் ஊறிய மரத்துக்குள் காற்று இல்லை. அங்கே அது சாதாரண இரும்பைப் போலவே அரிபடும், வெளியில் தெரியும் தலை மட்டும் மினுக்கும். சுத்தியல் 'பொத்'தென்று சொன்னது இதைத்தான். நான் அதற்குப் பதில் சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

சரிசெய்த விதம்: அழுகிய பலகை முழுவதையும் நல்ல மரம் வரும்வரை சுரண்டி எடுத்தேன். நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பின்பலகைக்கு நேரே தொங்கவிட்டு மூன்று வாரம் காயவைத்தேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை அளவுக்கு அறுத்து, எல்லா ஓரங்களுக்கும் எபாக்சி குடிக்கக் கொடுத்து, கெட்டியாக்கிய எபாக்சியில் பதித்தேன். சுற்றிலும் பழைய ஃபைபரைச் சரிவாகத் தேய்த்தேன். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு. அதன் மேல் நெய்த கண்ணாடித் துணியில் அடுக்கு. இங்கே பட்டறையில் எப்போதும் கிடக்கும் மேட், அதாவது வெட்டிய கண்ணாடி இழைகளை ஒட்டிய விரிப்பு, உதவாது. அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரையும், எபாக்சியில் கரையாது.

போல்ட் துளைகளில்தான் அதிக நேரம் செலவழித்தேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் துளை போட்டு, அதை முழுக்க எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இனி பசை விட்டுப்போனாலும் தண்ணீர் தொடுவது எபாக்சியைத்தான், மரத்தை அல்ல. உள்பக்கம் வாஷருக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் தகடு. கீல்களைப் பக்கத்து லேத் பட்டறையில் 316 ரக எஃகில் புதிதாகச் செய்து வாங்கினேன். சிலிக்கானுக்குப் பதில் பாலியூரிதேன். மொத்தம் 24 ஆயிரம் ரூபாய். காசிமேட்டில், படகு ஸ்டாண்டில் நின்றபோதே செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் வரை போய்வரலாம் என்று நினைத்திருந்தோம். எபாக்சி காய்வதற்குள் மகம் கடந்துவிட்டது. வேலை முடிந்த அன்று மாமா வந்தார். சுக்கானின் அடியைக் காலால் தள்ளினார், இழுத்தார். சத்தமில்லை. பிறகு துடுப்பைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன். எட்டு அடியில் எனக்கு ஒன்று செய்யச் சொல்லி வீராம்பட்டினத்துத் தச்சரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.